பயிலரங்குக்கு கிட் சர்வர்: பாட் மாறினால் என்ன மிஞ்சும்?

30 பேர் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார்கள். முந்தின இரவு சர்வர் நன்றாக ஓடியது. குளோன் செய்யச் சொன்ன பத்தாவது நிமிடத்தில் முதல் கை உயரும். குபெர்னெட்டிஸ் மேல் கிட்டீ என்ற கிட் சர்வரை ஏற்றிப் பயிலரங்கு நடத்தும் புதியவர்கள் எல்லாரும் அதே சில குழிகளில்தான் விழுகிறார்கள். (குபெர்னெட்டிஸ் கன்டெய்னர்களை ஓட்டிப் பராமரிக்கும் மென்பொருள், கன்டெய்னரை அது வைத்து ஓட்டும் அலகுதான் பாட்.) "லேட்டஸ்ட்" டேக், எளிய பாஸ்வேர்டு போன்றவை தெரிந்த கதை, விட்டுவிடலாம்.

பெர்மிஷன் எர்ரருக்குப் பயந்து எம்ப்டி-டிர் போடுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறு இது.

கிட்டீயின் ரூட்லெஸ் (ரூட் அதிகாரம் இல்லாத) இமேஜ் 1000 என்ற யூசர் எண்ணில் ஓடுகிறது. புதிதாகக் கிடைக்கும் பிவிசியின் (பாட் போனாலும் தங்கும் சேமிப்பு வால்யூம்) மேல் டைரக்டரியோ பெரும்பாலும் ரூட்டுக்குச் சொந்தம். அதனால் "பெர்மிஷன் டினைட்" என்று பாட் விழுகிறது. மணி இரவு பதினொன்று. வால்யூமை எம்ப்டி-டிர் என்ற காலி டைரக்டரியாக மாற்றுகிறார்கள், உடனே ஓடுகிறது. சந்தேகம் தீர, கன்டெய்னருக்குள் போய் ப்ராசஸை நிறுத்திப் பார்க்கிறார்கள். திரும்ப எழுகிறது, ரெப்போக்கள் அப்படியே இருக்கின்றன. நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள்.

அந்தச் சோதனைதான் ஏமாற்றியது. எம்ப்டி-டிரின் ஆயுள் பாடின் ஆயுள். கன்டெய்னர் விழுந்து எழுந்தால் பாட் மாறுவதில்லை, டேட்டா தங்கும். பாடே மாறினால் டேட்டாவும் கூடவே போகும்.

மறுநாள் குளோன் முகவரி லோக்கல்ஹோஸ்ட் 3000 என்று காட்டுகிறது. ரூட் யூஆர்எல் (சர்வரின் வெளி முகவரி) அமைக்க மறந்திருக்கிறார்கள். சின்னத் திருத்தம்தானே என்று, பாடை உருவாக்கும் டெப்ளாய்மென்ட்டில் ஓர் என்வயர்ன்மென்ட் வேரியபிளைச் சேர்க்கிறார்கள். பாட் டெம்ப்ளேட்டில் ஓர் எழுத்து மாறினாலும் புதிய பாட் வரும், பழையது அழியும். 30 அக்கவுண்ட்டும் போயிற்று. கமிட்டுகள் அவரவர் லேப்டாப்பில் இருக்கும். புல் ரிக்வெஸ்ட், இஷ்யூ, டோக்கன், வெப்ஹுக் (வேறு சர்வீஸுக்குத் தானாகப் போகும் அறிவிப்பு) எங்கும் இருக்காது.

இதற்கெல்லாம் மருந்து, பிவிசியை மாற்றாமல் ஒரே வரி. பாடின் செக்யூரிட்டி கான்டெக்ஸ்ட்டில் எஃப்எஸ்-குரூப் 1000 என்று எழுதுங்கள். வால்யூமை மவுன்ட் செய்யும்போதே அதன் குரூப்பைக் குபெர்னெட்டிஸ் மாற்றிவிடும். ஹோஸ்ட்-பாத் வால்யூமுக்கு இது செல்லாது. ரெட் ஹாட்டின் குபெர்னெட்டிஸ் பதிப்பான ஓப்பன்ஷிஃப்ட்டின் வழக்கமான கட்டுப்பாட்டில் 1000 என்று எழுதினால் பாடே உருவாகாது. அங்கே எழுதாமல் விட்டால் பிராஜெக்ட்டுக்குரிய எண்ணை அதுவே போட்டுக்கொள்ளும்.

டைரக்டரி இரண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ரெப்போக்கள் வார்-லிப்-கிட்டீயில், கான்ஃபிகரேஷன் உள்ள ஆப்.இனி ஃபைல் ஈடிசி-கிட்டீயில். முதலாவதற்கு மட்டும் பிவிசி கொடுத்தால், அடுத்த பாடில் கையால் செய்த கான்ஃபிகரேஷன் காணாமல் போகும்.

சோதிப்பதென்றால் ப்ராசஸை அல்ல, பாடையே டெலீட் செய்து சோதியுங்கள்.

ரோலிங் அப்டேட்டை அப்படியே விடுவது

பிவிசி சரியானதும் அடுத்த சிக்கல் இது. புதிய பாட் தயாரான பிறகே பழையது போகும் என்பது டெப்ளாய்மென்ட்டின் இயல்பு. ரீட்-ரைட்-ஒன்ஸ் வால்யூம் (ஒரு நேரத்தில் ஒரே நோடில், அதாவது ஒரே மெஷினில், இணைவது) இருக்கையில் புதிய பாட் வேறு நோடில் விழுந்தால் "மல்ட்டி-அட்டாச்" எர்ரர். அதே நோடில் விழுந்தாலோ, கிட்டீ வேலைகளை வரிசையில் வைக்கும் லெவல்-டிபி க்யூவைப் பழைய பாட் பூட்டி வைத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். பழையதை அழித்த பிறகே புதியது வரும்படி, ஸ்ட்ராட்டஜியை ரீகிரியேட் என்று மாற்றுங்கள். அரை நிமிடம் சர்வர் நிற்கும், அவ்வளவுதான்.

இன்ஸ்டால் லாக்

கிட்டீயின் கான்ஃபிகரேஷனில் இதை ட்ரூ என்று வையுங்கள். இல்லாவிட்டால் முகவரியை முதலில் திறப்பவருக்கு இன்ஸ்டால் பக்கம் கிடைக்கும்.

எஸ்எஸ்எச்

வேண்டாம். வெளியிலிருந்து க்ளஸ்டருக்குள் வர வாயிலாக இருக்கும் இன்கிரஸ் சுமப்பது எச்டிடிபியை, குளோனுக்கு எச்டிடிபிஎஸ் போதும்.

சின்ன ஃபைலை மட்டும் புஷ் செய்து பார்ப்பது

இன்ஜின்எக்ஸ் இன்கிரஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பி. ரீட்மீ ஃபைல் போகும். படமோ ஜார் ஃபைலோ உள்ள ரெப்போ 413 எர்ரரோடு திரும்பும். ப்ராக்ஸி-பாடி-சைஸ் அன்னொட்டேஷனை "0" என்று, மேற்கோளுக்குள் வையுங்கள்.

பாஸ்வேர்டு மாற்றும் கட்டாயம்

கமாண்ட் லைனில் அக்கவுண்ட் உருவாக்கினால், முதல் லாகினில் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும் என்பது தானாகவே ஒட்டிக்கொள்ளும். பிரவுசரில் நுழையாமல் நேரே கிட் கமாண்ட் அடிப்பவருக்கு அனுமதி மறுக்கப்படும். பாஸ்வேர்டு தப்பு என்றே நினைத்து, கொடுத்த சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் தட்டிக்கொண்டிருப்பார். மஸ்ட்-சேஞ்ச்-பாஸ்வேர்டு ஃபால்ஸ் என்று சேர்த்து உருவாக்குங்கள்.

வெப்ஹுக்

க்ளஸ்டருக்குள்ளேயே இருக்கும் சர்வீஸுக்கு வெப்ஹுக் போகவில்லையா? கிட்டீ தானாக அனுமதிப்பது வெளி முகவரிகளை மட்டும். அலவ்டு ஹோஸ்ட் லிஸ்ட்டில் "பிரைவேட்" என்று சேர்த்தால் போகும்.