கடல்நீர் மீன் தொட்டி: முதல் மீனுக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

கடல்நீர்த் தொட்டியில் மீனை விடுவதற்கு முன்னரே, அதன் கழிவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் அங்கே நிலைகொண்டிருக்க வேண்டும். இந்தக் குடியேற்றத்தையே மீன் வளர்ப்போர் ‘சைக்கிளிங்’ என்கிறார்கள். தண்ணீர் தெளிந்திருப்பதோ, கருவிகள் அனைத்தும் ஒழுங்காக ஓடுவதோ, தொட்டி வைத்து ஒரு மாதம் ஆகிவிட்டதோ அந்த வேலை முடிந்ததற்குச் சான்று ஆகாது. சோதனைக் குழாயில் தெரியும் நிறம்தான் சான்று.

மீன்கள் தம் உடற்கழிவான அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள்கள் வழியாக நீரில் விடுகின்றன. மிஞ்சிய தீனியும் இறந்த உயிரிகளும் அழுகும்போதும் அதே அம்மோனியா உண்டாகிறது. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் என்னும் அயனி வடிவம் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. அயனியாகாத அம்மோனியாவோ கொடிய நஞ்சு. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் வெப்பமும் கூடக் கூட, நஞ்சான வடிவத்தின் பங்கும் கூடும். கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.3 வரை இருப்பதால், நடுநிலையான நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளக்கூடிய அளவு அம்மோனியாவே இங்கே அதன் செவுள்களைப் புண்ணாக்கிவிடும்.

இந்த அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா போன்ற வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் ஓரளவு வரை மீன்களுக்குத் தொல்லை தராது. அதைத் தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். அழுகலை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இரட்டிப்பாகக்கூடியவை. நமக்கு வேண்டிய இந்த இரண்டு வகைகளும் இரட்டிப்பாக அரை நாளுக்கு மேல், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்கின்றன. சைக்கிளிங்குக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆவதற்கு இதுவே காரணம். தவிர, இவை நீரில் மிதந்து திரிபவை அல்ல. பாறை, மணல், வடிகட்டிப் பஞ்சு ஆகியவற்றின் பரப்பில் ஒட்டி வாழ்பவை. ஆகவே பழைய தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவதால் அதிகப் பயன் இல்லை. அதே தொட்டியிலிருந்து ஒரு பாறைத் துண்டைக் கொண்டுவந்தால் நல்ல பயன் உண்டு.

தொட்டியும் இடமும்

புதியவர்கள் சிறிய தொட்டியே எளிது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் நீர் குறையக் குறைய உப்பளவும் வெப்பமும் விரைவாக ஏறி இறங்கும். 100 முதல் 200 லிட்டர் வரையிலான தொட்டி, பிழை நேர்ந்தாலும் திருத்திக்கொள்ள அவகாசம் தரும். ஒரு லிட்டர் கடல்நீர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது. கண்ணாடி, மணல், பாறை, தாங்கி எல்லாம் சேர்ந்தால் 200 லிட்டர்த் தொட்டியின் மொத்தப் பாரம் 250 கிலோவைத் தாண்டிவிடும். எனவே தாங்கியும் தரையும் அதற்கேற்ற உறுதியோடு இருக்க வேண்டும், ரசமட்டம் வைத்துப் பார்த்தால் நான்கு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், நேர் வெயில் விழக் கூடாது. உப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன், நன்னீரை நிரப்பி ஒரு நாள் வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மின்கம்பிகள் ஒவ்வொன்றும் பிளக்கை அடைவதற்கு முன் அதைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கும்படி இருக்கட்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனத்தையும் கட்டாயம் பொருத்துங்கள். தொட்டிக்குக் கீழே சம்ப் என்னும் துணைத்தொட்டி வைப்பவர்கள், நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே மோட்டாரை நிறுத்திப் பார்க்க வேண்டும். மேலிருந்து வடிந்து வரும் நீர் சம்பில் எதுவரை ஏறுகிறது என்பது அப்போது தெரியும். விளிம்பைத் தாண்டி வழிந்தால் சம்பின் நீர்மட்டத்தைக் குறைத்து, தாண்டாத அளவைக் கண்டறிந்து கோடு போட்டுவையுங்கள். மின்வெட்டு நேரத்தில் தரையெல்லாம் உப்புத்தண்ணீர் ஆகாமலிருக்க இந்தக் கோடு போதும்.

தண்ணீரும் உப்பும்

குழாய்நீரில் குளோரின், குளோரமைன், பாஸ்பேட், சிலிகேட், சில இடங்களில் செம்பு ஆகியவை இருக்கும். பாஸ்பேட்டும் சிலிகேட்டும் பாசிக்குத் தீனி. செம்போ நத்தை, இறால் போன்ற முதுகெலும்பற்றவற்றை மிகக் குறைந்த அளவிலேயே கொன்றுவிடும். ஆர்.ஓ. வடிகட்டியோடு டி.ஐ. என்னும் அயனி நீக்கும் பகுதியும் சேர்ந்த கருவியிலிருந்து, கரைந்துள்ள பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூச்சியம் காட்டும் நீரைப் பயன்படுத்துவதே முறை. தொடக்கத்தில் சிக்கனம் செய்ய எத்தனையோ இடங்கள் உண்டு. நீரின் தூய்மை அவற்றில் ஒன்றன்று.

உப்பு என்றால் சமையல் உப்பு அல்ல. கால்சியம், மக்னீசியம், கார்பனேட் முதலியவை அளவோடு கலந்த, கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கப்படும் கலவைதான் வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 36 முதல் 40 கிராம் வரை தேவைப்படும். சரியான அளவு பொட்டலத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். பையைத் திறக்கும் முன் நன்கு உருட்டிக் குலுக்குங்கள், ஏனெனில் நாட்பட இருந்த பையில் நுண்ணிய துகள்கள் அடியில் தங்கியிருக்கும். நீரில்தான் உப்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். உப்பைப் போட்டுவிட்டு அதன் மேல் நீரை ஊற்றினால் அடியில் செறிவு மிகுந்து, கால்சியம் கார்பனேட் வெண்மையாகப் படிந்துவிடும், அது திரும்பக் கரையாது. ஒரு சிறு மோட்டாரால் கலக்கிக்கொண்டே 25 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, நீர் முழுதும் தெளிந்த பிறகு உப்பளவைப் பாருங்கள்.

இலக்கு, ஆயிரத்தில் 35 பங்கு உப்பு. அடர்த்தி எண்ணாகச் சொன்னால் ஏறத்தாழ 1.026. முள் ஆடும் பிளாஸ்டிக் மானிகளில் முள்ளின் மேல் ஒட்டும் ஒரு காற்றுக்குமிழே அளவைத் தவறாக உயர்த்திக் காட்டிவிடும் என்பதால் ஒளி வளைவதை வைத்து உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரையே பரிந்துரைக்கிறேன். அதன் கண்ணாடிப் பரப்பில் இரண்டு சொட்டு இட்டு, மூடியைக் குமிழ் இல்லாமல் மெல்லச் சாய்த்து மூடி, அரை நிமிடம் பொறுத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் நீலமும் வெண்மையும் சந்திக்கும் கோடு தெரியும். அந்தக் கோடு எங்கே நிற்கிறதோ அதுவே உப்பளவு. கருவியைத் தூயநீரால் மட்டும் சரிசெய்தால் போதாது. 35 பங்கு என்று குறிக்கப்பட்ட அளவுத் திரவத்தை வைத்தே சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் நமக்குத் துல்லியம் வேண்டியது அந்த இடத்தில்தான்.

பாறையும் மணலும்

கடலிலிருந்தோ பழைய தொட்டியிலிருந்தோ ஈரத்தோடு வரும் ‘லைவ் ராக்’, நல்ல பாக்டீரியாக்களைக் கொண்டுவரும். கூடவே ஐப்டேசியா என்னும் களைக் கடற்சாமந்தியையும், சில வேளை மற்ற உயிர்களை வேட்டையாடும் மாண்டிஸ் இறாலையும் கொண்டுவரும். உலர்பாறையில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பாக்டீரியாக்களும் இல்லை. பொறுமை உள்ளவருக்கு உலர்பாறையே நல்லது என்பது என் கருத்து. அதனோடு நம்பிக்கையான தொட்டியிலிருந்து ஒரு சிறு துண்டு லைவ் ராக் கிடைத்தால் இரண்டின் பயனும் கிடைக்கும்.

பாறையை முதலில் கண்ணாடித் தரையின் மீதே உறுதியாக அமைத்து, பிறகு அதைச் சுற்றி மணலைப் பரப்ப வேண்டும். மணலின் மேல் பாறையை வைத்தால், வளை தோண்டும் மீனோ இறாலோ அடியைப் பறித்துப் பாறையைச் சரித்துவிடும். பின்புறம் சுவர்போல் அடுக்காமல், நீரோட்டம் புகுந்து வெளியேறும்படி இடைவெளி விடுங்கள். பக்கக் கண்ணாடிகளில் பாசி சுரண்டும் கருவி போய்வரவும் இடம் வேண்டும். கழுவிய அரகொனைட் (கால்சியம் கார்பனேட்) மணல் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் போதும். மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதில் நீரை ஊற்றினால் கலங்கல் குறையும். அப்படியும் ஓரிரு நாள் கலங்கியிருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

நீரோட்ட மோட்டார்களும் ஹீட்டரும் இந்தக் கட்டத்திலேயே ஓடத் தொடங்க வேண்டும், ஏனெனில் நமக்கு வேண்டிய பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் நிறையத் தேவை. விளக்கு வேண்டாம், அது பாசிக்கு மட்டுமே உதவும்.

சைக்கிளிங்

பாக்டீரியாக்களுக்கு உணவாக அம்மோனியாவை நாமே தர வேண்டும். ஓர் இறாலை அழுகவிடும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் எவ்வளவு அம்மோனியா வருகிறது என்பது நம் கையில் இல்லை, நாற்றமும் பாஸ்பேட்டும் மிச்சம். மலிவான மீனை விட்டுச் சைக்கிள் செய்வதோ, ஓர் உயிரை நஞ்சில் வைத்து வதைப்பது. அதற்கு எந்தத் தேவையும் இல்லை. தூய அம்மோனியம் குளோரைடே சிறந்தது. 100 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 0.63 கிராம் இட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். பாறையும் மணலும் இடத்தை அடைத்துக்கொள்வதால், தொட்டியில் உண்மையாக இருக்கும் நீரை வைத்தே கணக்கிடுங்கள். துப்புரவுக்கு விற்கும் அம்மோனியாவைப் பயன்படுத்துவதானால் புட்டியைக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் அதில் சோப்பு கலந்திருக்கிறது, அது ஆகாது.

புட்டியில் விற்கும் பாக்டீரியாக் கலவைகள் காலாவதியாகாமலும் வெப்பத்தில் கிடக்காமலும் வந்திருந்தால் காலத்தைக் குறைக்கும். அவற்றை ஊற்றிய முதல் சில நாட்கள் நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும், நுண்ணுயிர்களைக் கொல்லும் யு.வி. விளக்கையும் நிறுத்திவையுங்கள்.

இரண்டு நாளுக்கு ஒரு முறை சோதியுங்கள். மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும் வகை அம்மோனியாச் சோதனையில், குறிக்கப்பட்ட நிமிடங்கள் முழுவதும் காத்திருந்து, குழாயை வெள்ளைத்தாளுக்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் விளக்கொளியில் வெளிர்பச்சையும் மஞ்சளாகவே தோன்றும். பூச்சியம் என்று பலர் ஏமாறுவது அங்கேதான். முதலில் அம்மோனியா அப்படியே நிற்கும், பிறகு குறையும். அது குறையத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். நைட்ரைட் இறங்குவதற்குத்தான் நெடுநாள் ஆகும், ஏனெனில் இரண்டாம் வகையினர் மெதுவாகவே பெருகுகின்றன. நைட்ரைட் மிகுந்திருக்கும் நாட்களில் நைட்ரேட் சோதனையை நம்ப வேண்டாம். அந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது, ஆகவே ஏற்கெனவே உள்ள நைட்ரைட்டையும் சேர்த்துக் கணக்கிட்டு மிகையான எண்ணைத் தரும்.

அம்மோனியா 0.5 மில்லிகிராமுக்குக் கீழே வந்ததும் மறுபடி இடலாம். நைட்ரைட் சோதனை அட்டையின் உச்ச நிறத்தைத் தாண்டி நின்றால் மேலும் அம்மோனியா இடாமல் காத்திருங்கள். எந்நிலையிலும் அம்மோனியா 5 மில்லிகிராமைத் தாண்ட விடாதீர்கள். மிகுந்தால் வேண்டிய பாக்டீரியாக்களையே அது முடக்கும். வாரக்கணக்கில் ஒன்றும் அசையவில்லை என்றால் காரத்தன்மையைச் சோதியுங்கள். அம்மோனியாவை மாற்றும் வேலையே கார்பனேட்டைச் செலவழிக்கிறது; அது தீர்ந்து பி.எச். விழுந்தால் பாக்டீரியாக்கள் நின்றுபோகும். ஒரு பகுதி நீரை மாற்றினாலே பெரும்பாலும் வேலை மீண்டும் தொடங்கிவிடும்.

அம்மோனியாவை 2 மில்லிகிராம் அளவுக்கு இட்டு, 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம் என்றால் சைக்கிளிங் முடிந்தது. கடல்நீரில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் புகுவதைப் பெரிதும் தடுப்பதால் சிறிதளவு நைட்ரைட் இங்கே நன்னீரில் போல் மீனைக் கொல்லாது. ஆனாலும் அது பூச்சியமாவதுதான் இரண்டாம் வகையினர் வந்துசேர்ந்ததற்கு அடையாளம் என்பதால் அதற்கும் காத்திருப்பதே சரி. இப்போது நைட்ரேட் மிகுந்திருக்கும். அதே வெப்பமும் உப்பளவும் கொண்ட புதிய நீரால் பாதி வரை மாற்றிவிடுங்கள்.

முதல் உயிர்கள்

விளக்கை நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரியவிட்டால் சில நாட்களில் மணல்மேல் பழுப்பு நிற டயட்டம் பாசி படரும். இது புதிய தொட்டிகளில் வருவதே; சிலிகேட் தீர்ந்ததும் தானே குறையும். மேய்வதற்குப் பாசி வந்த பிறகே நத்தைகளை விடுங்கள். கோமாளி மீன் போன்ற சிறிய, உறுதியான மீன் ஒன்றோ இரண்டோ முதலில் போதும். எந்த மீனையும் தனித்தொட்டியில் குறைந்தது நான்கு வாரம் வைத்துக் கவனித்த பிறகே முதன்மைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். வெண்புள்ளி நோய் பாறையும் மணலும் உள்ள தொட்டிக்குள் புகுந்துவிட்டால், அதற்குத் தரும் செம்பு மருந்தை அங்கே ஊற்ற முடியாது, அது நத்தைகளைக் கொன்றுவிடும்.

மீனைப் பையிலிருந்து மாற்றும்போது மணிக்கணக்கில் சொட்டுநீர் விட்டுப் பழக்குவது நன்மை என்று பலர் நம்புகிறார்கள். நீண்ட பயணத்தில் பைநீரில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். தாழ்ந்திருக்கும், அம்மோனியாவும் பெருகியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறிப் பி.எச். ஏற, அதுவரை தீங்கு செய்யாதிருந்த அம்மோனியம் நஞ்சாக மாறும். ஆகவே தனித்தொட்டியின் உப்பளவை முன்கூட்டியே பைநீருக்கு ஏற்ப அமைத்துவிட்டு, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் விரைவாக மாற்றுங்கள். பைநீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த மட்டத்தை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் நாள்தோறும் ஈடுசெய்யுங்கள். பாக்டீரியாக்களின் தொகை அன்றன்று கிடைக்கும் கழிவின் அளவுக்கே இருக்கும் என்பதால், அடுத்த மீனுக்கு முன் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு, புதிய மீன் வந்த மறுநாள் முதல் ஒரு வாரத்துக்கு அம்மோனியாவைச் சோதியுங்கள். குழாயில் சிறிது பச்சை தெரிந்தாலும் தீனியைக் குறைத்து, நீரின் ஒரு பகுதியை மாற்றி, மீண்டும் மஞ்சளாகும் வரை அடுத்த மீனை வாங்குவதை ஒத்திவையுங்கள்.