சர்வசுகந்தி ரம்மும் பழைய சவரக்கத்தியும்: முதல்முறை செய்பவர்களுக்கு

என் தாத்தா கம்பத்திலிருந்து கம்பமெட்டு ஏறி, வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்குப் போய்ச் சவரம் செய்தவர். அவருடைய அடைப்பம், அதாவது சவரச் சாமான் பை, அம்மாவின் தகரப் பெட்டியில் பல வருஷம் கிடந்தது. திறந்து பார்த்தால் ஒரு படிகாரக் கட்டி, தேய்ந்த கல், துரு ஏறிய இரண்டு மடக்குக் கத்திகள். ஒரு கத்தியை அவசரப்பட்டுத் தேய்க்கக் கொடுத்தே கெடுத்துவிட்டேன். இன்னொன்றால் இன்று காலை சவரம் செய்தேன். முதல் கத்தி கெட்டது ஏன், இரண்டாவது பிழைத்தது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, சவரத்துக்குப் பிறகு பூசிக்கொள்ளும் பே ரம்மை நம் மலையில் விளைவதை வைத்தே செய்யும் விதமும் இருக்கிறது.

ரம் ஊறுவதற்குப் பதினான்கு நாள் வேண்டும். அதனால் அதை முதலில் போட்டுவிடுங்கள். அது ஊறி முடிவதற்குள் கத்தி தயாராகிவிடும்.

ரம் ஊறப்போடுவது

பே ரம் கரீபியன் தீவுகளின் சரக்கு. அங்கே வளரும் ஒரு மரத்தின் இலையை ரம்மோடு சேர்த்து வாலையில் வடித்தார்கள். செயின்ட் தாமஸ் தீவு டென்மார்க்கின் கையில் இருந்த 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழில் அங்கே பெரிதாக வளர்ந்தது. அந்த இலையை 'பே' என்று சொன்னாலும் அது நம் பிரியாணி இலை அல்ல. பிரியாணி இலை கறுவா வகையைச் சேர்ந்தது. முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், நானும் தடுமாறினேன். பிரியாணி இலையைப் போட்டுப் பத்து நாள் காத்திருந்தால் குருமா வாசம்தான் வரும்.

நமக்குக் கிடைக்கும் நெருங்கிய சொந்தம் சர்வசுகந்தி, அதாவது ஆல்ஸ்பைஸ். கரீபியன் மரமும் சர்வசுகந்தி மரமும் ஒரே பிமெண்டா பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டின் இலையிலும் கிராம்புக்கு வாசம் தரும் யூஜினால் நிறைய இருக்கிறது. அதனால் இது அசல் பே ரம் இல்லையென்றாலும் அதன் சித்தப்பா மகன் என்று தைரியமாகச் சொல்லலாம். குமுளி மசாலாக் கடைகளில் காய் கிடைக்கும். மிளகைவிடச் சற்றுப் பெரிய, பழுப்பு நிறக் காய். இலையைக் கடைகளில் அவ்வளவாக வைப்பதில்லை. தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் ஒரு கொத்து ஒடித்துத் தருவார்கள். கடையில் வெறுமனே 'வாசனை இலை' என்று கேட்டால், கேரளத்தில் கும்பிளப்பம் மடிக்கும் வழனை இலையை எடுத்து நீட்டலாம். அதுவும் கறுவா வகைதான். சர்வசுகந்தி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இலையைக் கசக்கி முகர்ந்தால் கிராம்பும் ஜாதிக்காயும் கலந்த வாசம் மூக்கில் ஏற வேண்டும்.

ஒரு குவாட்டருக்கு, அதாவது 180 மில்லிக்கு, நான் போடும் அளவு இது. நிழலில் நான்கைந்து நாள் காயவைத்த சர்வசுகந்தி இலை எட்டு. ஒன்றிரண்டாக நசுக்கிய காய் பத்து. கிராம்பு இரண்டு. சுண்டுவிரல் நகம் அளவு பட்டை. அரை கமலா ஆரஞ்சுப் பழத்தின் தோல், உள்ளே இருக்கும் வெள்ளையைச் சுரண்டிவிட்டு.

கிராம்பு இரண்டே இரண்டுதான். வாசம் தூக்கலாக வரட்டும் என்று முதல் தடவை பத்துப் போட்டேன். பூசிய கன்னம் இரண்டு நாள் எரிந்து சிவந்து கிடந்தது. யூஜினால் குறைவாக இருந்தால் மணம், கூடினால் தோலுக்கு எரிச்சல். பட்டையும் அப்படித்தான். எலுமிச்சைத் தோல் சேர்க்கவே வேண்டாம். அதிலுள்ள சில பொருள்கள் தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் கருந்தேமல் போலப் படிந்துவிடும்.

ரம் வெள்ளையாக இருப்பது நல்லது. கறுப்பு ரம்மின் நிறமும் இனிப்பும் சட்டைக் காலரில் கறையாகும், கழுத்தில் பிசுபிசுக்கும். நம் நாட்டில் ரம் பெரும்பாலும் 42.8 சதவீத ஆல்கஹால் அளவில் வருகிறது. வாசத்தை இறக்க அது போதும். இலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணமும் இதுதான், பச்சை இலையின் தண்ணீர் ரம்மின் வீரியத்தைக் குறைக்கும். பெயின்ட் கடை ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள். அதில் மெத்தனால் இருக்கலாம், தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் விஷம் அது. இன்னொன்று, தமிழ்நாடு-கேரள எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்களோ அந்தப் பக்கத்திலேயே வாங்குங்கள். சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு இது தாடிக்குப் பூசுவதற்கு என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

எல்லாவற்றையும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, இறுக மூடி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும். தினம் ஒரு தடவை குலுக்கினால் போதும். ஒரு வாரம் ஆனதும் ஆரஞ்சுத் தோலை மட்டும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கசப்பு வாசம் ஏறும். சரி, இப்போது கத்திக்கு வருவோம்.

கத்தியை எடைபோடுவது

எந்தக் கத்தியும் பிழைக்கும் என்று நினைக்காதீர்கள். துடைப்பதற்கு முன் அரைமணி நேரம் வெறுமனே பாருங்கள்.

நகத்தால் அலகை மெல்லச் சுண்டினால் கிண்ணென்று ஒலிக்க வேண்டும். ஒலி மடங்கிப்போனால் எங்கோ விரிசல் இருக்கலாம். லென்ஸ் வைத்துப் பாருங்கள். விரிசல் வாய்வரை, அதாவது வெட்டும் விளிம்புவரை, ஓடியிருந்தால் அது அலமாரியில் வைக்கத்தான் ஆகும், முகத்துக்கு ஆகாது. அடுத்தது துரு. சிவப்புத் துரு மேலோடு போய்விடும். கருப்பாக, குழிகுழியாக இருப்பது இரும்பைத் தின்றுவிட்ட துரு. குழி அலகின் நடுவில் இருந்தால் பரவாயில்லை, வாயில் இருந்தால் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் பல் விழும். அலகில் எங்காவது நீலம் பாரித்திருந்தால் யாரோ மோட்டார் சக்கரத்தில் தேய்த்துச் சூடேற்றியிருக்கிறார்கள். எஃகின் பதம் போய்விட்டது, இனி கூர் நிற்காது. நான் கெடுத்த கத்தியின் கதை இதுதான். பாலிஷ் சக்கரம் இருக்கும் பட்டறையில் கொடுத்தேன், கண்ணாடி போல மின்னியது, வாய் முழுக்க நீலம்.

அலகின் அடித்தண்டில் இருக்கும் முத்திரையைப் படியுங்கள். நம் ஊர் அடைப்பங்களில் வருவது பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு அல்லது ஜெர்மனியின் சோலிங்கன் கத்தி. என்னுடையதில் சோலிங்கன் என்றும் ஜெர்மனி என்றும் இருக்கிறது. நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் பரவியது 1890களில்தான். பிரிட்டன் 1887லும் அமெரிக்கா 1890லும் கொண்டுவந்த சட்டங்கள் அதற்குக் காரணம். அதனால் நாட்டுப் பெயர் இருந்தால் கத்தி அநேகமாக அதற்குப் பிறகு செய்தது.

பிடியையும் கவனியுங்கள். ஆமை ஓடு போலவோ தந்தம் போலவோ மினுங்கும் பழைய பிடிகளில் பல செல்லுலாய்டு. சுலபமாகத் தீப்பற்றும். சூடு காட்டவோ நெயில் பாலிஷ் நீக்கியால் துடைக்கவோ கூடாது. உண்மையிலேயே யானைத் தந்தம் என்று தோன்றினால் விற்கவும் வாங்கவும் போகாதீர்கள், 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

துரு எடுப்பது

முதலில் வாயின் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப்பை மடித்து ஒட்டுங்கள். மழுங்கிய கத்திதானே என்று விட்டால், எண்ணெய்க் கை வழுக்கும்போது அது மழுங்கவில்லை என்று தெரியும். அப்புறம் அலகு முழுக்கத் தையல் மெஷின் எண்ணெய் பூசி ஒரு ராத்திரி விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பித்தளை விளக்குக்குப் போடும் புளியும் வேண்டாம், வினிகரும் வேண்டாம். புளிப்பு துருவோடு நிற்காது, மெல்லிய வாயையும் அரிக்கும்.

காலையில் பழைய வேட்டித் துணியால் துடைத்தாலே பாதித் துரு வந்துவிடும். மீதிக்கு ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள். 1000 நம்பரில் ஆரம்பியுங்கள். எல்லோரும் சொரசொரப்பான தாளில் தொடங்கி மிருதுவானதற்குப் போகச் சொல்வார்கள். நான் சொல்வது, மிருதுவானதில் தொடங்கி, அசையாவிட்டால் மட்டும் 600க்கு இறங்குங்கள். எடுத்த எஃகைத் திருப்பி வைக்க முடியாது. அலகை மரக்கட்டையின் மேல் படுக்கவைத்து, தாளை அழிரப்பரில் சுற்றி, எண்ணெய் தொட்டு, முதுகுக்கு இணையாக நீளவாக்கில் தேயுங்கள். முத்திரையின் மேல் தேய்க்காதீர்கள். பிறகு 2000, கடைசியில் பிராசோ என்ற உலோகப் பாலிஷ். கருமை அங்கங்கே தங்கினால் தங்கட்டும், அது சவரத்துக்குத் தடை இல்லை.

பிடியில் இருக்கும் ஆணிகளை முதல் கத்தியில் கழற்ற வேண்டாம். இடுக்கில் துணி நாடாவை விட்டு இழுத்துச் சுத்தம் செய்து, மடிப்பு ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். டேப்பை உரித்துவிட்டு சானிடைசர் தொட்ட பஞ்சால் அலகைத் துடைத்துவிடுங்கள்.

கல்லில் தீட்டுவது

பொறுமை வேண்டியது இங்கேதான். 1000, 4000, 8000 என்று மூன்று பதத்தில் தண்ணீர்க் கல் வேண்டும். தாத்தாவின் கல் நடுவில் குழிந்திருந்தது, அதில் தீட்டினால் வாய் வளைந்துவிடும். கல் குழிந்திருக்கிறதா என்று பார்க்க அதன்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடித் தட்டில் ஒட்டிய சொரசொரப்பான வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடுகள் எல்லாம் ஒன்றுபோல அழிந்தால் கல் சமம்.

சவரக்கத்தி கறிவெட்டும் கத்தி மாதிரி இல்லை. சாய்மானத்தை நாம் கையால் பிடிக்க வேண்டியதில்லை. முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படும்படி படுக்கவைத்தாலே சரியான கோணம் தானாக அமைந்துவிடும். முதுகைத் தூக்கவே கூடாது. கத்தியின் எடையே போதும், அழுத்தவும் கூடாது. வாய் முன்னே போக, அடிப்பக்கத்தில் தொடங்கி நுனியில் முடியும்படி கல்லின் குறுக்கே சாய்வாகத் தள்ளுங்கள். முனையை அடைந்ததும் முதுகின் மேல் புரட்டி, திரும்பி வாருங்கள். வாயின் மேல் புரட்டினால் அதுவரை தீட்டியதெல்லாம் போச்சு.

கல் வாயைத் தொடுகிறதா என்று தெரியாவிட்டால் வாயோரம் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு இரண்டு தள்ளு தள்ளிப் பாருங்கள். மை நிற்கும் இடத்தில் கல் படவில்லை. 1000 கல்லில் கணக்கு வைக்காதீர்கள். முன்கை முடியைத் தோலோரத்தில் அலகின் எல்லா இடமும் வெட்டும்வரை அந்தக் கல்லை விட்டு நகராதீர்கள். எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. அது சரியாக அமைந்துவிட்டால் 4000லும் 8000லும் நாற்பது, ஐம்பது தள்ளு போதும்.

பிறகு வார், அதாவது கத்தியை இழுத்துப் பதமாக்கும் தோல் பட்டை. பழைய தோல் பெல்ட் போதும், மேலே எழுத்து, பூ வேலை இல்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி இறுக்கிப் பிடித்து, இப்போது முதுகு முன்னே போக இழுங்கள். கல்லுக்கு நேர் எதிர். போய் வருவது ஒரு கணக்கு, அப்படி ஐம்பது. வார் தொய்ந்தால் வாய் உருண்டுவிடும்.

முதல் சவரம்

பதினான்காம் நாள் ரம்மை வேட்டித் துணியில் வடிகட்டி, புனலில் பஞ்சு வைத்து இன்னொரு முறை வடியுங்கள். அரை டீஸ்பூன் கிளிசரின் சேர்த்துக் குலுக்கினால் தோல் வறளாது. முழங்கை உள்மடிப்பில் ஒரு சொட்டுத் தடவி ஒருநாள் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ முகத்துக்கு வேண்டாம்.

முதல் நாள் முழு முகமும் எடுக்காதீர்கள். கிருதாவுக்குக் கீழே கன்னம் மட்டும் எடுங்கள், மீதியை வழக்கமான ரேசரில் முடியுங்கள். வெந்நீர்த் துண்டு வைத்து, பிரஷ்ஷில் கெட்டியாக நுரை போட்டு, இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். முதுகு தோலிலிருந்து 30 டிகிரி அளவு விலகியிருக்கட்டும். முடி வளரும் திசையில் மட்டும் சின்னச் சின்னதாக இறக்குங்கள். பக்கவாட்டில் ஒருபோதும் நகர்த்தாதீர்கள், அதுதான் வெட்டும். கத்தி இழுத்துப் பிடுங்கினால் நிறுத்திவிட்டு 8000 கல்லுக்குத் திரும்புங்கள்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், படிகாரம், மறுபடி தண்ணீர், பிறகு உள்ளங்கையில் ஐந்தாறு சொட்டு ரம். முதலில் சுருக்கென்று இருக்கும், ரம் வாடை போனதும் சர்வசுகந்தி மெதுவாக எழுந்து வரும்.

இந்தக் கத்தியை ஒருவர் மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். அண்ணன் தம்பிக்குக்கூடக் கொடுக்காதீர்கள், ரத்தத்தில் பரவும் நோய்கள் இருக்கின்றன. சலூன்களில் மாற்றிப் போடும் அரை பிளேடுக்கு வந்ததும் அதனால்தான். துடைத்துக் காயவைத்து, மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். குளியலறையில் வைக்க வேண்டாம். ஜூன் பிறந்து குமுளிப் பக்கம் சாரல் இறங்கிவிட்டால் இரண்டே நாளில் துரு பிடிக்கும், அந்த மாதங்களில் நான் கத்தியை எண்ணெய்த் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைக்கிறேன். ரம் பாட்டிலில் தேதியும், பூசுவதற்கு மட்டும் என்றும் எழுதி, பிள்ளைகள் கை எட்டாத உயரத்தில் வையுங்கள்.