வெளிநாட்டில் மனை திருத்தம்: இயந்திரம் இறங்கும் முன்னும் பின்னும்

20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்று ஒரே நாளில் பல நூறு கன மீட்டர் மண்ணைப் புரட்டிப் போட்டுவிடும். தவறான இடத்தில் தோண்டினாலும் அதே வேகம்தான். அதனால் மனை வேலையில் பாதி, இயந்திரம் லாரியிலிருந்து இறங்குவதற்கு முன்பே தாளிலும் முளைக்குச்சியிலும் முடிந்திருக்க வேண்டும். பழக்கமில்லாத நாட்டில் இது இரட்டிப்பு அவசியம். அங்கே சட்டம் வேறு, அளவுமுறை வேறு, இயந்திரத்தின் பெயர்கூட வேறு.

பெயரிலிருந்தே தொடங்கலாம். நாம் 'ஹிட்டாச்சி' என்றால் சங்கிலிச் சக்கர எக்ஸ்கவேட்டர். 'ஜேசிபி', 'பொக்லைன்' என்றால் முன்னே அள்ளும் தொட்டியும் பின்னே தோண்டும் கையும் உள்ள டயர் வண்டி. இவை கம்பெனிப் பெயர்களும் அவற்றின் திரிபும். இதே பெயர்களைச் சொல்லி வெளிநாட்டில் வாடகைக்குக் கேட்டால் வேறு ஏதாவது வந்து நிற்கலாம். எடையையும் பக்கெட் அளவையும் சொல்லிக் கேளுங்கள்: "20 டன், சங்கிலி, 1 கன மீட்டர் பக்கெட்" என்றால் எங்கும் குழப்பம் வராது. மண் அளவிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் மண், ஜல்லி எல்லாம் கன கஜக் கணக்கு. 1 கன கஜம் என்பது 27 கன அடி, ஏறத்தாழ 0.76 கன மீட்டர்.

தோண்டும் முன்

மண் வேலைக்குத் தனி அனுமதி, மரம் வெட்டத் தனி அனுமதி, அள்ளிய மண்ணைக் கொட்டும் இடத்துக்கு ஒப்புதல் என்று பல நாடுகளில் மூன்றும் தனித்தனி. கட்டட அனுமதி கையில் இருப்பதால் மண்ணைத் தொடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். எல்லையை உரிமம் பெற்ற சர்வேயரைக் கொண்டு குறியுங்கள். பக்கத்து வேலியை நம்பக் கூடாது; வேலி எல்லையில்தான் நிற்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மண் பரிசோதனை அறிக்கையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தாங்கும் திறன், நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களிமண் உண்டா.

அடுத்து, மண்ணுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் 811 என்ற எண்ணுக்குச் சில வேலை நாட்களுக்கு முன்பே சொன்னால், அந்தந்த நிறுவனத்தார் வந்து தரையில் வண்ணம் பூசிக் குறித்துத் தருவார்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர், ஆரஞ்சு தொலைத்தொடர்பு. வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. ஆனால் மீட்டரிலிருந்து வீட்டுப் பக்கம் உள்ள தனியார் குழாய், பழைய செப்டிக் டேங்க், மூடிய கிணறு ஆகியவற்றைப் பொதுவாக அவர்கள் குறிப்பதில்லை. அவற்றை நீங்களே தேட வேண்டும். குறித்த கோட்டின் இருபுறமும் குறைந்தது 60 செ.மீ. வரை கையால் மட்டும் தோண்டுங்கள். கோடு காட்டுவது குழாயின் போக்கை மட்டுமே. அதன் ஆழத்தை அல்ல.

தலைக்கு மேலும் பாருங்கள். 20 டன் இயந்திரத்தின் கை நிமிர்ந்தால் 9 மீட்டருக்கு மேல் எட்டும். சாதாரண மின்கம்பிக்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். உயர் அழுத்தக் கம்பி என்றால் இன்னும் அதிகம். கை கம்பியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் கேபினை விட்டு இறங்கக் கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு காலும் சேர்ந்து விழும்படி குதித்து, பாதங்களைப் பிரித்து வைக்காமல் உரசி உரசி விலக வேண்டும்.

எந்த வண்டி

சிறு மனைக்குப் பெரிய வண்டி வீண். 3 டன் மினி எக்ஸ்கவேட்டர் சுமார் 2.5 மீட்டர் ஆழம் வரை தோண்டும். குறுகிய சந்திலும் நுழையும். 8 டன் பேக்ஹோ, அதாவது நாம் சொல்லும் ஜேசிபி, 4 மீட்டர் சொச்சம் தோண்டும், அள்ளும், பரப்பும், சாலையில் தானே ஓடி வரும். ஒரே வண்டியில் எல்லாம் முடிய வேண்டுமென்றால் இதுதான். வேர்க்கட்டை நிறைய, வெட்டு ஆழம், கெட்டி மண் என்றால் 20 டன். அதைத் தாழ்தள லாரியில்தான் கொண்டுவர முடியும், அகலமே ஏறத்தாழ 3 மீட்டர். வாசல், பாலம், திருப்பம் மூன்றையும் முன்னதாகவே அளந்து வையுங்கள்.

இரண்டு பக்கெட் கேளுங்கள். தோண்டப் பல் வைத்தது. அடியை மட்டமாக்கப் பல் இல்லாத அகலமானது. பல் பக்கெட்டாலேயே கடைசி மட்டத்தையும் இழுத்தால் அடிமண் 10 செ.மீ. ஆழத்துக்குக் கிளறிப் போகும். அந்தத் தளர்ந்த மண்ணின் மேல்தான் அஸ்திவாரம் உட்காரும். பக்கெட்டை விரைவாக மாற்றும் கப்ளர் இருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பாதுகாப்புப் பூட்டு முள் (பின்) அதன் இடத்தில் விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, பக்கெட்டைத் தரையில் அழுத்திச் சோதித்த பிறகே தூக்க வேண்டும். சரியாகப் பூட்டாத பக்கெட் கழன்று கீழே நின்றவர் மேல் விழுவது இந்த வேலையில் அறியப்பட்ட விபத்து.

கணக்கு

தோண்டிய மண் உப்பும். மணல் 10–15 சதவீதம், சாதாரண மண் 25, களிமண் 30–40, உடைத்த பாறை 50-க்கும் மேல். 20 × 30 மீட்டர் மனையில் 20 செ.மீ. மேல்மண்ணை உரித்தால் 120 கன மீட்டர். குவித்தபின் அதுவே 150 ஆகும். அதை 2 மீட்டர் உயரத்துக்கு மேல் குவிக்காமல் வைக்க 120 சதுர மீட்டருக்கு மேல் இடம் போகும், அதாவது மனையில் ஐந்தில் ஒரு பங்கு. எங்கே குவிப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்யாவிட்டால், ஒரே மண்ணை மூன்று முறை நகர்த்த வாடகை கொடுப்பீர்கள்.

நிரப்பும்போது கணக்கு இன்னும் ஏமாற்றும். 12 × 15 மீட்டர் வீட்டுக்கு 60 செ.மீ. மேடு வேண்டும் என்று வையுங்கள். பெருக்கினால் 108 கன மீட்டர். 10 கன மீட்டர் டிப்பரில் 11 லோடு என்று தோன்றும். ஆனால் மேடு சுவரைத் தாண்டி எல்லாப் பக்கமும் 1.5 மீட்டர் நீள வேண்டும். ஆக 15 × 18, அது 162 கன மீட்டர். கெட்டித்தால் அமுங்கும் என்பதால் 1.3 ஆல் பெருக்குங்கள், 210 வரும். ஓரச் சரிவுக்கான மண்ணைச் சேர்க்காமலே 21 லோடு.

உரித்தல்

புல், வேர், கறுத்த மேல்மண் முழுவதையும் 15 முதல் 30 செ.மீ. வரை எடுத்துவிடுங்கள். அது தோட்டத்துக்கு உயிர், அஸ்திவாரத்துக்கு எமன். உள்ளே இருக்கும் தழை மக்கும்போது வெற்றிடம் விட்டுத் தரை இறங்கும். மரத்தை வெட்டும்போது வேர்க்கட்டைக்கு மேல் ஒரு மீட்டராவது அடிமரம் விடுங்கள், எக்ஸ்கவேட்டர் பிடித்துப் பெயர்க்க நெம்புகோல் கிடைக்கும். முதலில் சுற்றிலும் வேரை அறுத்து, பிறகே கட்டையை நெம்ப வேண்டும். பெயர்த்த கட்டையை மனையிலேயே புதைக்கச் சொல்லும் ஓட்டுநரிடம் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். குழியையும் ஒரே கொட்டாக மூடாமல் அடுக்கடுக்காகக் கெட்டித்து மூட வேண்டும்.

வெட்டும் நிரப்பும்

சரிவான மனையில் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளி மட்டமாக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. செலவும் குறைவு. ஆனால் வீட்டின் பாதி வெட்டிய கெட்டித் தரையிலும் பாதி புதிதாக நிரப்பிய மண்ணிலும் நின்றால், நிரப்பிய பக்கம் மட்டும் இறங்கும். சரியாக அந்தக் கோட்டில் சுவர் வெடிக்கும். முடிந்தால் வீடு முழுவதையும் வெட்டிய தரையிலேயே வையுங்கள். நிரப்பிய பக்கம் வண்டி நிறுத்தவும் தோட்டத்துக்கும் ஆகட்டும். முடியாவிட்டால், அந்தப் பக்கத்து அஸ்திவாரத்தை நிரப்பு மண்ணைத் துளைத்துப் பழைய தரை வரை இறக்க வேண்டும்.

சரிவு 5-க்கு 1-ஐவிட (5 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம்) செங்குத்தாக இருந்தால், அதன் மேல் நேரடியாக மண் கொட்டக் கூடாது. முதலில் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியின் மேலும் நிரப்ப வேண்டும். இல்லையேல் புது மண் பழைய மண்ணின் மேல் சறுக்கும். முதல் பெருமழையே போதும்.

இனி கெட்டித்தல். அதிகம் கெட்டுப்போவது இங்கேதான், ஏனென்றால் மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. எக்ஸ்கவேட்டர் மேலும் கீழும் ஓடியதே போதும் என்பார்கள். போதாது. சங்கிலி எடையைப் பரப்பிவிடும். 20 டன் வண்டி தரையில் தரும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு அரை கிலோவுக்குள்தான், கிட்டத்தட்ட ஓர் ஆள் நிற்கிற அழுத்தம். சேற்றில் புதையாமல் நிற்க உதவும் அதே குணம் மண்ணைக் கெட்டிக்க உதவாது.

மணல், கிராவலுக்கு மழமழப்பான உருளையுள்ள அதிர்வு ரோலர். களிமண்ணுக்கு ஆட்டுக்கால் போன்ற முட்டுகள் கொண்ட ரோலர். 10 டன் அதிர்வு ரோலருக்குத் தளர்ந்த நிலையில் 25 செ.மீ. அடுக்கு, சிறு தட்டு அதிர்வானுக்கு 10 முதல் 15 செ.மீ. மட்டுமே. ஒரே தடவையில் 60 செ.மீ. கொட்டி மேலே ஓட்டினால் மேல் ஓடு மட்டும் இறுகி, அடி பஞ்சாகவே இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் 4 முதல் 8 ஓட்டம். மேலே சொன்ன 60 செ.மீ. மேட்டுக்கு 20 செ.மீ. அடுக்காகப் போட்டால், ஒவ்வொன்றும் 15-க்கு அமுங்கி, 4 அடுக்கு வரும்.

ஈரம் சரியாக இல்லாவிட்டால் எத்தனை ஓட்டம் ஓட்டியும் பயனில்லை. காய்ந்த மண் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டி நிற்கும்; மிகுந்த ஈரத்தில் நீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். கையில் ஈரம் ஒட்டினால் பரப்பி உலர விடுங்கள். ஆய்வகத்தில் இதையே பிராக்டர் சோதனை சொல்லும். எந்த ஈரத்தில் மண் உச்ச அடர்த்திக்கு இறுகும் என்று அது காட்டும். கட்டட மேட்டுக்கு அந்த உச்சத்தில் 95 சதவீதம் அடர்த்தி கேட்பது வழக்கம். ஆய்வாளர் இல்லையென்றாலும் ஒன்று செய்யலாம்: நிறைத்த டிப்பரை மெதுவாக மேட்டில் ஓட்டவிட்டு, பின்சக்கரத்தின் அருகே நடந்து பாருங்கள். மண் ரப்பர் போல் அலைந்தாலோ தடம் ஆழமாகப் பதிந்தாலோ அந்த இடத்தைத் தோண்டி எடுத்து மறுபடி போட வேண்டும்.

மழை வரும் அறிகுறி தெரிந்தால், மேற்பரப்பைச் சற்றுச் சரிவாக்கி ரோலரை ஓட்டி மூடிவிடுங்கள். பெய்து முடிந்த களிமண்ணில் டயர் வண்டியை ஏற்றாதீர்கள். ஒரு மணி நேர அவசரம், கெட்டித்த மேல் அடுக்கு முழுவதையும் குழைத்துவிடும்.

வானம்

வானத்தை, அதாவது அஸ்திவாரக் குழியை, கடைசி 10–15 செ.மீ. விட்டே தோண்டுங்கள், கான்கிரீட் போடும் அன்று பல் இல்லாத பக்கெட்டாலோ கையாலோ அதை எடுத்துக்கொள்ளலாம். தவறி ஆழமாகப் போய்விட்டால் தோண்டிய மண்ணைத் திருப்பிப் போடக் கூடாது, அந்த இடத்தைச் சிமெண்ட் குறைந்த மெலிந்த கான்கிரீட்டால் நிரப்புங்கள். தோண்டிய மண் விளிம்பிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளியே இருக்கட்டும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில், பக்கத்தைச் சரித்தோ முட்டுக் கொடுத்தோ அல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மார்பு வரை மூடினாலே மூச்சு நிற்கும். இயந்திரம் சுழலும் வட்டத்துக்குள்ளும் யாரும் நிற்கக் கூடாது. மொழி தெரியாத ஓட்டுநர் என்றால் நிறுத்து, தூக்கு, இறக்கு, சுழற்று என்ற நான்கு கைச்சைகைகளைக் காலையிலேயே பேசிவைத்து, சைகை காட்ட ஒரே ஆளை நிறுத்துங்கள். நிறுத்து என்பதை மட்டும் யார் காட்டினாலும் அவர் நிறுத்த வேண்டும்.

வாடகை

ஓட்டுநர், டீசல் இரண்டும் சேர்ந்ததா, வண்டி மட்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கொண்டுவரும், திரும்பக் கொண்டுபோகும் கட்டணம், குறைந்தபட்ச மணி, மழையில் சும்மா நின்றால் யார் கணக்கு என்பதும் அதில் இருக்கட்டும். ஓட்டுநரின் உரிமத்தையும் காப்பீட்டையும் பார்க்காமல் சாவி திரும்பக் கூடாது. காலையும் மாலையும் வண்டியின் மணி மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள், பில் வரும்போது சண்டை இருக்காது.

வண்டி லாரியில் ஏறுவதற்கு முன் மட்டத்தை மறுபடி பாருங்கள். சங்கிலி ஏறி முளைக்குச்சி நகர்ந்திருக்கும் என்பதால், அசையாத ஓரிடத்தில், ஒரு கம்பத்திலோ பழைய கான்கிரீட்டிலோ குறித்து வைத்த மூல மட்டத்திலிருந்து அளவு எடுக்க வேண்டும். வீட்டைச் சுற்றி முதல் 3 மீட்டரில் தரை 15 செ.மீ. வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, நீர் போய்ச் சேரும் இடம் பக்கத்து மனை இல்லையே என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். குறை இருந்தால் அரை மணி நேர வேலைதான். மறுநாள் நினைவு வந்தால், அதே அரை மணி நேரத்துக்கு மறுபடியும் லாரிக் கட்டணம் கொடுத்து வண்டியைக் கொண்டுவர வேண்டியிருக்கும்.