உறுப்பு தானம்: அட்டையை வாங்கிப் பர்ஸில் வைத்தால் மட்டும் போதாது

முதலில் பதிவை முடித்துவிடுங்கள், அது 5 நிமிட வேலை. 18 வயது ஆனவர்கள் நோட்டோ என்கிற தேசிய அமைப்பின் இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்து, மொபைலுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் அட்டை வந்துவிடும். தமிழ்நாட்டில் டிரான்ஸ்டான் என்கிற மாநில உறுப்பு மாற்று ஆணையம் மூலமாகவும் பதியலாம்.

அப்புறம்தான் உண்மையான வேலை. அன்று ராத்திரி சாப்பிடும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். "சாவைப் பற்றி இப்ப எதுக்குப் பேசற" என்று அம்மா திட்டுவார், பரவாயில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலும் கடைசியில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து கேட்பது குடும்பத்திடம்தான், அவர்கள் வேண்டாம் என்றால் நடைமுறையில் அதோடு முடிந்தது. நீங்கள் பதியாமலே இருந்து, குடும்பம் சம்மதித்தாலும் தானம் நடக்கும்.

வீட்டார் தடுமாறும் இடம் ஒன்று உண்டு, அதை இப்போதே விளக்கி வையுங்கள். மூளைச்சாவு என்றால் மூளை நிரந்தரமாகச் செயலிழந்த நிலை, பெரும்பாலும் இந்த நிலையில்தான் உறுப்புகளை எடுப்பார்கள். அப்போதும் வென்டிலேட்டர் ஓடும்வரை நெஞ்சு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும், இதயம் துடிக்கும், பார்ப்பவர்களுக்கு ஆள் தூங்குவது போலவே தெரியும். ஆனால் இது கோமா இல்லை, திரும்பி வர வழியே கிடையாது. 4 டாக்டர்கள், 6 மணி நேர இடைவெளியில் 2 முறை சோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும், உறுப்பு மாற்று சிகிச்சை செய்யும் குழுவினர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. 2008-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தர அவனுடைய பெற்றோர் சம்மதித்தபோதுதான் நம் ஊரில் பலர் மூளைச்சாவு என்ற சொல்லையே கேட்டார்கள். அந்தப் பெற்றோர் இருவருமே டாக்டர்கள்.

யார் தரலாம்? "எனக்கு சுகர் இருக்கே, வயசாயிடுச்சே" என்று நீங்களே உங்களைக் கழித்துக்கொள்ளாதீர்கள். எது உதவும் என்பதை அந்த நேரத்தில் சோதித்து டாக்டர்கள் முடிவு செய்வார்கள். பரவிய புற்றுநோய், கடுமையான தொற்று போன்றவை இருந்தால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும்.

உயிரோடு இருக்கும்போது ஒரு கிட்னியோ கல்லீரலில் ஒரு பகுதியோ தருவது வேறு கதை. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், இவர்களைத்தான் சட்டம் நெருங்கிய உறவு என்கிறது. மற்றவர்கள் தருவதென்றால் அதற்கான குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். காசு கைமாறினால் ஜெயில்தான்.

2023 செப்டம்பரில் வந்த அறிவிப்பின்படி தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடக்கிறது. வீட்டில் பேசும்போது இதையும் சொல்லுங்கள், தாத்தாக்களிடம் நன்றாகவே எடுபடும்.

கண்ணுக்கு மூளைச்சாவு தேவையில்லை, வீட்டிலேயே இறந்தாலும் தரலாம். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும், அதனால் உடனே கண் வங்கியைக் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை ஃபேனை அணைத்துவிட்டு, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுங்கள்.