32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை 32 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, ‘அம்மா என்ன செய்தாள்?’ என்பதுதான். படி ஏறினாளா, பயணம் போனாளா, எதையாவது தூக்கினாளா என்று விசாரணையே நடக்கும். இருப்பதிலேயே கொடுமையான தவறு இது. பனிக்குடம் முன்கூட்டியே உடைவது, கருப்பைத் தொற்று, கருப்பை வாய் சீக்கிரம் திறந்துகொள்வது, இரட்டைக் கரு ஆகியவைதான் பெரும்பாலும் பின்னால் இருக்கின்றன. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறினால், தாயையும் சேயையும் காப்பாற்ற மருத்துவர்களே பிரசவத்தை முன்னால் கொண்டுவருவதும் உண்டு. பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் குறைப்பிரசவத்தைத் தடுக்கலாம் என்பதற்கும் ஆதாரம் கிடையாது.

தாயின் வயது, புகைப்பழக்கம், இரு கர்ப்பங்களுக்கு இடையே போதிய இடைவெளி இல்லாதது என்று அறிக்கையில் எழுதியிருக்கும். இவை அபாயத்தைக் கூட்டுபவை, அவ்வளவுதான். இந்தக் குழந்தை ஏன் சீக்கிரம் பிறந்தது என்பதற்கு அதுவே பதிலாகிவிடாது. ஆனால் முன்பு ஒருமுறை குறைப்பிரசவம் ஆகியிருந்தால், அடுத்த கர்ப்பத்தின் முதல் பரிசோதனையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், எடையை மட்டும் வைத்து முடிவுகட்டுவது. 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 1,200 கிராம் இயல்பான எடை. 34 வாரத்தில் பிறந்த குழந்தை அதே எடை இருந்தால், வயிற்றுக்குள் வளர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். இரண்டு குழந்தைகளின் சிக்கலும் வேறுவேறு. நுரையீரல் முதிர்ந்திருக்கிறதா என்பதை எடையைவிட வாரம்தான் அதிகம் சொல்லும். வாரக் கணக்குக்கு முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனே நம்பகமானது. அந்த அறிக்கையைத் தொலைத்துவிடாதீர்கள்.

பனிக்குட நீர் கசியும்போது, ‘வலி வரட்டும், பார்க்கலாம்’ என்று வீட்டில் காத்திருக்கவே கூடாது. பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும், மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தையும் குறைக்கும். அது முழுமையாக வேலை செய்ய ஓரிரு நாள் வேண்டும். காத்திருந்தால் அந்த அவகாசம் வீணாகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு, மற்ற குழந்தைகளோடு ஒப்பிடுவது தொடங்கும். 10 வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு 6 மாதம் ஆகும்போது, வளர்ச்சியைப் பொறுத்தவரை அதன் வயது சுமார் மூன்றரை மாதம்தான். இப்படிக் கழித்துப் பார்ப்பதை 2 வயது வரை தொடரலாம். பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு மட்டும் இந்தக் கழிவு இல்லை. அவற்றைப் பிறந்த தேதியிலிருந்தே கணக்கிட்டுப் போட வேண்டும்.