வேலையிடத்தில் ஒருவருக்குத் துணை நிற்பது எப்படி: டர்பன்காரர்களுக்கு

கூட்டத்தில் ஒரு சுலு பெண் சொன்ன யோசனையைப் பத்து நிமிஷம் கழித்து இன்னொருவர் தன்னுடையது மாதிரி எடுத்துவிட்டால், "இதை அவங்கதானே முதலில் சொன்னாங்க, அவங்களே முழுசா சொல்லட்டும்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போது ஆறுதல் சொல்லி ஒரு பயனும் இல்லை. அவர் பெயரையும் முழுசாகச் சொல்லப் பழகுங்கள்.

தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் தென்னாப்பிரிக்காவில் பொது விடுமுறை கிடையாது (மொரீஷியஸ்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்). அதனால் ஷிப்ட் பட்டியல் போடும் முன்பே காவடி எடுப்பவர் யார், ரம்ஜான் யாருக்கு என்று கேட்டுவிடுங்கள். உங்களுக்காக ஒருவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டால், கிறிஸ்துமஸுக்கு அவருக்காக நீங்கள் நில்லுங்கள்.

கேலி, மிரட்டல் என்று போனால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வைக்கும்படி பாதிக்கப்பட்டவரிடம் சொல்லுங்கள். சாட்சி சொல்லத் தயார் என்று நீங்களாகவே சொல்லுங்கள், ஆனால் அவரைக் கேட்காமல் புகார் கொடுக்கப் போகாதீர்கள், அவசரக்குடுக்கைத்தனம் அவருக்கே வினையாகும். 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் இனம், மதம், மொழி பார்த்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஆணையமான சிசிஎம்ஏ-வுக்கு (CCMA) பாகுபாட்டுப் புகார் 6 மாதத்துக்குள் போக வேண்டும். நியாயமில்லாத வேலைநீக்கம் என்றால் 30 நாள்தான்.

மேலாளர்களே, சோர்ந்தவரிடம் "மனசைத் தைரியமா வச்சுக்க" என்று சொல்வதற்கு முன், சரி, அவர் தலையில் எத்தனை பேருடைய வேலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், பாதியை இறக்குங்கள், அப்புறம் பேசுங்கள்.