எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள்: மனப்பான்மையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓணம் விடுமுறை முடிந்ததும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு எம்.எட். மாணவர்கள் கேள்வித்தாள் கட்டோடு வரத் தொடங்கிவிடுவார்கள். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: அறிவியல் மீது, அல்லது கணிதம் மீது, மாணவர்களின் மனப்பான்மை. சிலர் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். நாங்கள் எம்.எட். படித்த காலத்துத் தவறுகள் அப்படியே திரும்ப வருவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. மாதிரி எவ்வளவு, அட்டவணை எப்படி என்பதையெல்லாம் வழிகாட்டிகளே சொல்லிவிடுவார்கள். அவர்களும் கவனிக்காமல் விடுவதை மட்டும் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு வருட உழைப்பையும் இருநூறு முந்நூறு பிள்ளைகள் பொறுமையாக உட்கார்ந்து எழுதிய பதில்களையும் ஒரே கூட்டலில் வீணாக்கிவிடுகிறது.

‘முழுவதும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து பதில் கொடுத்து, 5, 4, 3, 2, 1 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டும் வழியை 1932இல் காட்டியவர் ரென்சிஸ் லிக்கர்ட். கூட்டச் சொன்னது அவர்தான், சரி. ஆனால் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசும் கூற்றுகளைத்தான் அவர் கூட்டினார். ஏகாதிபத்தியம் பற்றிய கூற்றுகளுக்குத் தனி அளவுகோல், சர்வதேச உறவு பற்றியவற்றுக்குத் தனி அளவுகோல் என்றுதான் வைத்திருந்தார். நம் எம்.எட். பிள்ளைகளோ வகுப்பு பிடிக்குமா, கணக்கைக் கண்டால் பயமா, அறிவியலால் நாட்டுக்கு நன்மையா, பிளஸ் ஒன்னில் சயின்ஸ் எடுப்பாயா என்று நான்கு திசையில் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே கூட்டுத்தொகையில் போடுகிறார்கள். ஒருவரின் உயரத்தையும் எடையையும் கூட்டி ‘உடல்நிலை’ என்று எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

ஓர் ஆய்வு மாணவி கொண்டுவந்த கட்டிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து அடுத்தடுத்து வைத்தேன். 20 கூற்றுகள், நான்கு பகுதிகள், பகுதிக்கு 25 மதிப்பெண். வகுப்பில் மகிழ்ச்சி, தன்னம்பிக்கை, பயன், மேற்படிப்பு விருப்பம் என்ற வரிசையில் முதல் தாளில் 23, 21, 20, 8. இரண்டாவது தாளில் 10, 12, 25, 25. கூட்டிப் பாருங்கள், இரண்டுமே 72. ஆய்வேட்டில் இருவருக்கும் ‘நடுத்தர மனப்பான்மை’ என்று போட்டிருந்தது.

தாளில் பெயர் கிடையாது, குறியீட்டு எண் மட்டும். அதை வைத்துத் தேடி, பிள்ளைகளின் சம்மதத்தோடு உட்கார்ந்து பேசினோம். முதல் தாள் எழுதிய பையனுக்கு லேப் என்றால் உயிர். “அப்புறம் ஏன்ப்பா சயின்ஸ் வேண்டாம்னு போட்டிருக்கே?” என்றேன். “பிளஸ் ஒன்னுக்குக் காமர்ஸ்தானுங்க டீச்சர். அப்பா சொல்லிட்டாங்க” என்றான். அப்பா தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிறவர். சயின்ஸ் எடுத்தால் டியூஷன், என்ட்ரன்ஸ் என்று செலவு நீளும் என்பது வீட்டுக் கணக்கு. இரண்டாவது தாள் ஒரு பெண்ணுடையது. கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் சித்தியைப் பார்த்துத் தானும் நர்ஸ் ஆகியே தீருவேன் என்கிறாள். ஆனால் இயற்பியல் வகுப்பில் போர்டுக்கு வந்து கணக்குப் போடச் சொன்னால் கை உதறுகிறது. பையனுக்கு வேண்டியது அவன் அப்பாவிடம் உதவித்தொகை பற்றிப் பேச ஓர் ஆள். பெண்ணுக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர். 72 என்ற எண்ணுக்குள் இந்த இருவருமே இல்லை.

இதைச் சொன்னதும் வரும் பதிலும் எனக்கு மனப்பாடம். “ஆல்ஃபா 0.78 வந்திருக்குங்க டீச்சர். 0.7 தாண்டினா போதும்னுதானே சொல்றாங்க?” க்ரான்பாக் 1951இல் எழுதிய ஆல்ஃபா, கூற்றுகளுக்கு வரும் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். கூற்றுகள் எல்லாம் ஒரே விஷயத்தை அளக்கின்றன என்பதற்கு அது சான்று ஆகாது. வேண்டுமானால் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இதே 20 கூற்றுகள், நான்கு பகுதிகள். ஒரு பகுதிக்குள் இருக்கும் கூற்றுகளுக்கிடையே ஒட்டுறவு (ஒன்றில் மதிப்பெண் கூடினால் மற்றதிலும் எவ்வளவு சேர்ந்து கூடுகிறது என்பது) 0.5 என்றும், ஒரு பகுதிக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டுறவு பூஜ்யம் என்றும் வையுங்கள். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாத நான்கு விஷயங்கள். ஆல்ஃபா 0.70 வந்து நிற்கும்! கூற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஆல்ஃபா ஏறும். சராசரி ஒட்டுறவு வெறும் 0.1 ஆக இருந்தாலும் 40 கூற்று வைத்தால் 0.82 காட்டும். எனவே பகுதிவாரியாக ஆல்ஃபா பாருங்கள், போதிய மாதிரி இருந்தால், எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று காட்டும் காரணிப் பகுப்பாய்வும் செய்யுங்கள்.

கூட்டியதோடு விட்டாலும் பரவாயில்லை. அடுத்து, சராசரிக்கு மேலே ஒரு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு), கீழே ஒரு திட்ட விலக்கம் என்று கோடு கிழித்து உயர், நடு, தாழ் என்று பிரிப்பார்கள். ‘பெரும்பாலான மாணவர்களின் மனப்பான்மை நடுத்தரமாக உள்ளது’ என்பது முதல் கண்டுபிடிப்பாக அச்சாகும். மதிப்பெண்கள் மணி வடிவில், அதாவது இயல்நிலைப் பரவலாக, இருந்தால் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் சுமார் 68 சதவீதம் பேர் விழுந்துதான் ஆக வேண்டும். மூணாறு எஸ்டேட் பள்ளியில் கேட்டாலும் சரி, ஆந்திராவில் நகரி, குப்பம் பக்கம் தமிழ்ப் பிள்ளைகளிடம் கேட்டாலும் சரி, இதே முடிவுதான் வரும். அது பிள்ளைகள் சொன்ன பதில் அல்ல, சூத்திரம் சொன்ன பதில்.

ஆசிரியர்களிடமும் இதே கதை. அறிவியல் கற்பித்தலில் தன் திறன் மீதான நம்பிக்கையை அளக்க ரிக்ஸும் ஈனாக்ஸும் 1990இல் வெளியிட்ட அளவுகோலில் 25 கூற்றுகள் இருக்கின்றன. அதில் இரண்டு பகுதி. ‘என்னால் நன்றாகக் கற்பிக்க முடியும்’ என்பது ஒன்று. ‘நன்றாகக் கற்பித்தால் பிள்ளைகள் தேறுவார்கள்’ என்பது மற்றொன்று. இங்கே இருபது வருடமாகப் பாடம் எடுக்கும் ஆசிரியை முதல் பகுதியில் உச்சத்தில் இருப்பார். அறுவடைக் காலத்தில் பாதி வகுப்பு காலியாவதைப் பார்த்துப் பார்த்து இரண்டாவதில் தளர்ந்திருப்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் நேர்மாறு. இரண்டையும் கூட்டினால் இருவரும் ஒன்று. பிறகு இருவரையும் ஒரே பயிற்சிக்கு அனுப்புவார்கள்.

அறிவியல் சார்ந்த மனப்பான்மைகளை அளக்கும் ஃப்ரேசரின் அளவுகோலில் 70 கூற்றுகள், ஏழு பகுதிகள். ஃபென்னமாவும் ஷெர்மனும் 1976இல் கணிதத்துக்கு உருவாக்கியதில் ஒன்பது தனித்தனி அளவுகோல்கள். அவ்வளவு பாடுபட்டுப் பிரித்து வைத்ததை நாம் ஏன் கலக்க வேண்டும்?

‘அறிவியல் மனப்பான்மை’யா, அறிவியல் மீதான மனப்பான்மையா?

ஆதாரம் கேட்பது, தன் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பது அறிவியல் மனப்பான்மை. 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழி அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் குடிமக்களின் கடமையாகச் சேர்ந்தது அதுதான். அறிவியல் பாடம் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பது வேறு. பாடத்தை வெறுக்கும் பிள்ளை வீட்டில் சாமியாரின் மருந்தைக் கேள்வி கேட்பதையும் பார்த்திருக்கிறேன், நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளை கேட்காததையும் பார்த்திருக்கிறேன். எதை அளக்கிறீர்கள் என்று தலைப்பிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பாடம் எடுக்கும் ஆசிரியரே தாளை வாங்குவது

கூடாது. அவர் வகுப்பறையிலேயே இருக்கக் கூடாது.

ஒரே கூற்றில் இரண்டு கேள்வி

‘கணித வகுப்பு சுவையாகவும் பயனுள்ளதாகவும் இருக்கிறது.’ பயன் உண்டு, சுவை இல்லை என்று நினைக்கும் பிள்ளை எதில் டிக் போடும்? இரண்டாக உடையுங்கள்.

எதிர்மறைக் கூற்றைத் திருப்பாமல் விடுவது

‘கணக்கு எனக்குப் பிடிக்காது’ போன்ற கூற்றுக்கு முழுவதும் உடன்பட்டால் 5 அல்ல, 1 போட வேண்டும். இப்படி மதிப்பெண்ணைத் திருப்ப மறந்துவிட்டு ‘ஆல்ஃபா குறைகிறது’ என்று நல்ல கூற்றுகளை நீக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எக்செலில் ஏற்றிய அன்றே அந்தக் கூற்றுகளின் மதிப்பெண்ணை 6இலிருந்து கழித்துவிடுங்கள்.

திருத்திய பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் பள்ளிக்குப் போவது

போகாதீர்கள்.

பள்ளிகளை ஒப்பிட்டு, மனப்பான்மை உயர்ந்தால் மதிப்பெண் உயரும் என்பது

டிம்ஸ் என்ற சர்வதேச ஆய்வில் ஜப்பான், தென்கொரியப் பிள்ளைகள் கணிதத்தில் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆனால் கணிதம் பிடிக்கும் என்று சொல்வதில் பின்வரிசை. அதே நாடுகளுக்குள் பார்த்தால், கணிதத்தை விரும்பும் பிள்ளைகள்தான் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறார்கள். பிள்ளைகள் தங்களைப் பக்கத்து பெஞ்சோடு ஒப்பிட்டுத்தான் பதில் போடுகிறார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். கடினமாகப் பாடம் நடக்கும் பள்ளியில் நல்ல மாணவியும் ‘எனக்குக் கணக்கு வராது’ என்றுதான் டிக் போடுவாள். எனவே தமிழ்வழிப் பள்ளியையும் மலையாளவழிப் பள்ளியையும் பக்கத்தில் வைத்து, எந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம் என்று டி சோதனை (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் கணக்கு) போடுவதற்கு முன் யோசியுங்கள். ஒப்பீட்டை ஒரே வகுப்புக்குள் செய்தால் சொல்வதற்கு ஏதாவது கிடைக்கும்.

பழைய கூற்றுகளை அப்படியே எடுப்பது

1976இல் அமெரிக்காவில் ஃபென்னமாவுக்கும் ஷெர்மனுக்கும், கணிதம் ஆண்களுக்கே உரியது என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. இன்று இங்கே ஒன்பதாம் வகுப்பில் ‘பெண்களாலும் ஆண்களுக்குச் சமமாகக் கணக்குப் போட முடியும்’ என்று கொடுத்தால், பையன்கள் உட்பட வகுப்பே 5 போட்டுவிடுகிறது. எல்லாரும் ஒரே பதில் போடும் கூற்று யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. முன்னோட்டத்தில் அப்படி வந்தால் அதை எடுத்துவிட்டு, ‘எங்கள் வீட்டில் டியூஷன் என்றால் முதலில் அண்ணனுக்குத்தான்’ என்பது போல் வீட்டில் உண்மையில் நடப்பதைக் கேட்டுப் பாருங்கள். பதில்கள் 1 முதல் 5 வரை சிதறத் தொடங்கும்.